வழிப்போக்கருக்கு ஒரு பிளக் பாயிண்ட்

“அண்ணே, பத்து நிமிசம் சார்ஜ் போட்டுக்கிறட்டுமா?” விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணறு போன்ற ஊர்களின் டீக்கடைகளில் இந்தக் குரல் கேட்காத நாள் இருக்காது. கடைக்காரரும் சாமி படத்து சீரியல் விளக்கைக் கழற்றிவிட்டு இடம் கொடுப்பார். நல்ல மனசுதான். ஆனால், ஊருக்கே வேண்டிய ஒன்றை எத்தனை நாளைக்குக் கடைக்காரரின் மனசை நம்பி விட்டுவைப்பது?

சார்ஜ் என்ன சோறா, தண்ணீரா என்று கேட்பவர்கள் கண்மாய் வேலையை நினைத்துப் பார்க்கலாம். நூறு நாள் வேலையில் செயலி வழி வருகைப்பதிவு 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என இருமுறை, இடக்குறிப்போடு படம் ஏற்ற வேண்டும். மதியத்துக்குள் பணித்தளப் பொறுப்பாளரின் போன் அணைந்துவிட்டால், வெயிலில் மண் சுமந்தவர்களின் கூலிக்கே சிக்கல்.

இதே மாவட்டத்தின் பட்டாசு ஆலைகளுக்குள் போன் கொண்டுபோகத் தடை. அது உயிர் காக்கும் விதி. ஆனால், எந்தத் திசையிலாவது வெடிச்சத்தம் கேட்டால், ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணின் போனுக்குத்தான் வீட்டிலிருந்து முதல் அழைப்பு போகும். அப்போது “சுவிட்ச் ஆஃப்” என்று வந்தால் அந்த வீடு என்ன பாடுபடும்? 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் மின்சாரம் இல்லாத டெல்டா ஊர்களில், ஜெனரேட்டர் வைத்துக் காசுக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுத்த காட்சியையும் நாம் மறந்துவிடக் கூடாது.

நம் கையில் இருப்பதை முதலில் செய்யலாம். லித்தியம் பேட்டரிக்கு முதல் எதிரி வெப்பம். கரிசல் காட்டு வெயிலில் பைக்கின் முன்னால் போனை மாட்டி, மேப் பார்த்துக்கொண்டே போனால் பேட்டரிக்கு இரட்டை அடி. டவர் எட்டாத இடத்தில் போன் சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும்; அங்கே ஏரோப்ளேன் மோடில் போடுவது நல்லது. திரை வெளிச்சத்தைக் குறைப்பதும், தேவையில்லாதபோது லொக்கேஷனை அணைப்பதும் பலன் தரும். பவர் பேங்க் வாங்குவோர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும்: அட்டையில் 10,000 எம்ஏஎச் என்றிருந்தாலும், மின்னழுத்த மாற்றத்திலும் சூடாகி வீணாவதிலும் கழிந்தது போக, போனுக்குச் சேருவது ஏறத்தாழ 6,000 முதல் 6,500 வரைதான்.

ஆனால், பேட்டரி தளர்ந்த பழைய போனை வைத்திருப்பவரிடம் சிக்கனம் பேசி என்ன பயன்? வங்கிக் கணக்கு, ஓடிபி, வருகைப்பதிவு என்று எல்லாவற்றையும் போனுக்குள் தள்ளியவர்கள், அந்த போன் உயிரோடிருக்கும் பொறுப்பை மட்டும் தனியாள் தலையில் கட்டியது நியாயமில்லை.

பொது இடத்தில் சார்ஜ் ஏற்ற வசதி செய்தால் ஆகும் மின்செலவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5,000 எம்ஏஎச் பேட்டரி கொள்வது சுமார் 19 வாட் மணி. விரயம் சேர்த்து 25 என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு யூனிட் மின்சாரத்தில் 40 போன்களை முழுதாக ஏற்றலாம். தினம் நூறு பேருக்கு இரண்டரை யூனிட். பேருந்து நிலைய விளம்பரப் பலகையின் விளக்குக்குச் செலவழிக்கும் நமக்கு இது கட்டுப்படியாகாதா?

தகவல் திருட்டு நடக்காதா என்ற கேள்வி நியாயமானது. பொது யூஎஸ்பி முனைகளில் அந்த ஆபத்து உண்டு என்று ரிசர்வ் வங்கியின் விழிப்புணர்வுக் கையேடே எச்சரித்திருக்கிறது. ஆகவே யூஎஸ்பி முனை வேண்டாம். சாதாரண பிளக் பாயிண்ட் போதும். சார்ஜரை அவரவர் கொண்டுவரட்டும். அதிக மின்சாரம் பாய்ந்தால் தானே துண்டிக்கும் பிரேக்கரும், ஆள் பார்வையில் படும் இடமும் அவசியம். தீயின் குணம் தெரிந்த மாவட்டத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தலைச்சுமையோடு நடந்தவர்களுக்காகச் சுமைதாங்கிக் கல் நட்டவர்கள் நம் முன்னோர். கோடை வந்தால் கட்சி பேதமில்லாமல் இன்றும் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். பேரூராட்சிகள் பேருந்து நிறுத்தத்திலும், அரசு மருத்துவமனைகள் நோயாளியின் துணைக்கு வந்தவர்கள் காத்திருக்கும் இடத்திலும் ஒரு பலகையில் பத்து பிளக் பாயிண்ட்டுகள் வைக்கட்டும். இந்தக் கோடையில் தண்ணீர்ப் பந்தலுக்குக் கால் நடுபவர்கள், பக்கத்திலேயே ஒரு பிளக் பலகைக்கும் இடம் ஒதுக்குங்கள்.