டாக்டர் நல்லவர்தான்... புகார் சொல்லலாமா?

கடைக்காரர் சரியில்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். பத்து வருஷமாகக் குடும்பத்துக்கே மருந்து எழுதும் டாக்டரிடம் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? நாளைக்கும் அவரிடம்தானே போய் நாக்கை நீட்ட வேண்டும்! வணிகவியல் பாடத்தில் வரும் 'வாடிக்கையாளர் திருப்தி' இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுகிறது.

இங்கிலாந்திலும் இந்தப் பயம் உண்டு. அதற்காகவே சில ஏற்பாடுகள் வைத்திருக்கிறார்கள். 2009-ல் வந்த விதிப்படி, புகார் கிடைத்தது என்று 3 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். புகார்த் தாளை நோயாளியின் மருத்துவக் குறிப்போடு சேர்த்து வைப்பதில்லை. கிளினிக்கில் நேராகக் கொடுக்கத் தயக்கமா? வட்டார சுகாதார வாரியத்திடம் கொடுக்கலாம். அதிலும் திருப்தியில்லையா, குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

2014 டிசம்பரிலிருந்து கருத்துப் படிவமும் உண்டு. இதைத்தான் அப்படியே நம்பக் கூடாது. ஹைட் என்ற ஊரில் ஹரால்ட் ஷிப்மேன் என்று ஒரு குடும்ப டாக்டர். வீட்டுக்கே வந்து பார்ப்பார், நோயாளிகளுக்கு அவ்வளவு பிடிக்கும். தன் நோயாளிகள் 15 பேரைக் கொன்றதாக 2000-ல் அவருக்கு ஆயுள் தண்டனை. 2002-ல் வந்த விசாரணை அறிக்கை 200 பேருக்கும் மேல் என்றது. அன்றைக்கு அவர் கிளினிக்கில் படிவம் கொடுத்திருந்தால் முழு மார்க் விழுந்திருக்கும்!

அது அபூர்வமான கொடூரம்தான், எல்லா டாக்டரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனாலும் 'மிக நன்று' என்று டிக் அடித்த ஐம்பது தாளைச் சுவரில் ஒட்டுவதைவிட, 'மாத்திரையை ஏன் மாற்றினார் என்று சொல்லவே இல்லை' என்று ஒருவர் கிறுக்கிய தாளை டாக்டர், நர்ஸ், ரிசப்ஷனிஸ்ட் எல்லோரும் உட்கார்ந்து படிப்பது முக்கியம். படித்தபின் என்ன மாற்றினார்கள் என்று எழுதியவருக்குச் சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த முறை அவர் பேனாவையே எடுக்க மாட்டார்.