குணத்தை அளக்கும் படி

சேர்வராயன் மலையின் உச்சி 5,326 அடி என்கிறார் ஒருவர். 1,623 மீட்டர் என்கிறார் மற்றொருவர். இரண்டும் ஒரே உயரந்தான். இவ்விரண்டையும் கூட்டி 6,949 என்று ஒருவன் சொன்னால் ஏற்காட்டில் சிறு பிள்ளையும் சிரிக்கும். ஆனால் மனிதனுடைய குணத்தை அளக்கிறவர்கள் இதே காரியத்தைச் செய்தால், படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள்.

“கூட்டத்தில் கலந்து பழகுவீரா? சீக்கிரம் கவலைப்படுவீரா?” என்று கேட்டு, விடைகளுக்கு மார்க்குப் போட்டுக் குணத்தை நிர்ணயிக்கும் கேள்வித்தாள்கள் இன்று ஏராளம். ஜாதகத்தைவிட இவை மேலானவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஏனெனில், இவை தப்பென்றால் ருசுப்படுத்த வழி இருக்கின்றது. ஜோசியம் அப்படிப் பரீட்சைக்கு நின்றபோது என்னவாயிற்று? 2008-ல் மகாராஷ்டிரத்தில் ஜயந்த் நார்லிகர் குழுவினர் ஆளுக்கு 40 ஜாதகங்கள் கொடுத்து, கெட்டிக்காரப் பிள்ளை எது, மனவளர்ச்சி குன்றிய பிள்ளை எது என்று கேட்டார்கள். 27 ஜோசியர்கள் விடை அனுப்பினார்கள். சராசரியில் பாதிகூடத் தேறவில்லை. காசைச் சுண்டியிருந்தாலும் பாதி தேறியிருக்குமே!

அதற்காகக் கேள்வித்தாளைப் புது வேதமாக்கலாமா? கூடாது. ஒரே பெயருள்ள இரண்டு தாள்கள் வெவ்வேறு குணங்களை அளக்கக் கூடும். வேறு பெயருள்ள இரண்டு தாள்கள் ஒன்றையே அளக்கக் கூடும் என்று 1927-லேயே கெல்லி என்ற அறிஞர் எச்சரித்தார். ‘படி’ என்ற பெயர் ஒன்றானாலும் அக்காலத்தில் ஊருக்கு ஊர் அளவு வேறாக இருக்கவில்லையா? ஆகவே, முதலில் ஒரே ஆட்களிடம் இரண்டு தாள்களையும் கொடுக்க வேண்டும். ஒன்றில் அதிக மார்க்கு வாங்கியவரே மற்றதிலும் வாங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் சேர்க்க வேண்டும்.

இது வெறும் படிப்பாளிகளின் வழக்கல்ல. பட்டணத்துப் பிள்ளைகளை வைத்து வகுத்த தாளைச் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளையிடம் நீட்டி, “இவன் கூச்சக்காரன், உத்தியோகத்திற்கு லாயக்கில்லை” என்று எழுதினால் யார் கேட்பது? அதிகாரி முன் வாய் திறக்கத் தயங்குவது அவன் குணமா, அல்லது தலைமுறை தலைமுறையாக அவனை அதட்டியவர்கள் செய்த வேலையா? 1909-ல் வெளிவந்த தர்ஸ்டனுடைய ஏழு தொகுதிகளில் ஜாதி ஜாதியாக மூக்கை அளந்து கணக்கு எழுதி வைத்தார்கள். அதனால் எவனுடைய யோக்கியதையாவது தெரிந்ததா?

தோழர்களே! உங்கள் பிள்ளையின் குணத்திற்கு ஒருவர் மார்க்குப் போட்டால், “இந்த அளவுகோலை எங்களைப் போன்றவர்களிடம் பரீட்சித்தீர்களா? வேறு தாளோடு ஒப்பிட்டீர்களா?” என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், அந்தக் காகிதத்திற்கும் ஜாதகத்திற்கும் வித்தியாசம் இல்லை.