ஒட்டுக்கன்றும் போன்சாயும்

போன்சாய் ஆசை இப்போது நம்மவர்கள் பலரிடம் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் நேர்சரிக்குப் போனால் பூவையும் இலையையும் பார்க்கிறோம், அடித்தண்டைப் பார்ப்பதில்லை. அங்கேதான் பிரச்சினை.

ஒட்டுக்கன்றை நாம் குறை சொல்லவில்லை. மா, தோடை, ரம்புட்டானில் நல்ல இனத்தின் பழம் சீக்கிரம் கிடைக்க அதுதான் வழி. பழம் பறிப்பவர் ஒட்டிய இடத்தைத் தேடிப் பார்ப்பதில்லை.

போன்சாய் அப்படியல்ல. ஓரடி உயர மரத்தில் முதலில் கண்ணில் படுவது அடிமரம்தான். அது அடியில் பருத்து, மேலே போகப்போகச் சிறுக்க வேண்டும். ஒட்டுமரத்தில் நடுவே ஒரு வீக்கம் நிற்கும். வேர்ப்பகுதியும் மேல்பகுதியும் பருக்கும் வேகம் வேறென்றால், வருடம் போகப்போக அது கூடும். ஜப்பானில் வெள்ளைப் பைனைக் கறுப்புப் பைனில் ஒட்டுவார்கள். கீழே வெடித்த முரட்டுப் பட்டை, மேலே மென்மையான பட்டை. கைதேர்ந்தவர்கள் வேருக்கு மிக அருகில் ஒட்டுவது இதனால்தான்.

கடைகளில் கொழுத்த வேரோடு விற்கும் பைகஸ் மரங்களில் பலவும் ஒட்டியவைதான். ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் அது வேறு இனத்தின் இலை. கிள்ளாமல் விட்டால் அது மேல்பகுதியை அமுக்கிவிடும். உயரம் குறைக்க ஒட்டுக்குக் கீழே வெட்டினாலோ, நாம் காசு கொடுத்து வாங்கிய இனமே போய்விடும்.

ஆகவே மேல்மண்ணை விரலால் விலக்கிப் பார்த்து வாங்குங்கள். விதைக்கன்று, தண்டு நட்டு வேர்விட்ட கன்று, பதி வைத்த கன்று இவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். ஏற்கெனவே ஒட்டுமரம் இருந்தால் வீசிவிட வேண்டாம். பைகஸ் போல இலகுவில் வேர்விடும் மரமென்றால், ஒட்டுக்கு மேலே பட்டையை வளையமாக நீக்கி, ஈரத் தும்புத்தூள் வைத்துப் பொலித்தீனால் கட்டுங்கள். வேர் வந்ததும் பிரித்து நடலாம்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒட்டிய இடத்தை மண்ணாலும் பாசியாலும் மூடி, 'போன்சாய்' என்று விலை கூட்டுவது சரியா? நனைந்த தானியத்தை அடியில் வைத்திருந்த வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. ஒரு போன்சாய்க்காக மனிதர் பத்து, இருபது வருடம் செலவழிக்கிறார். ஒட்டு என்றால் ஒட்டு என்று சொல்லியே விற்போம். விலை கொஞ்சம் குறையலாம், பரக்கத் குறையாது.