பையில் பச்சை இலை... வாசலில் வீண் செலவு!

குட்டீஸ்! தீபாவளிக்குத் துணி எடுக்க அப்பா, அம்மாவோடு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருப்பீர்கள். சில கடைகளின் வாசலை நெருங்கும்போதே முகத்தில் 'ஜில்' என்று காற்று அடிக்கும். இத்தனைக்கும் நீங்கள் உள்ளே போகவில்லை, தெருவில்தான் நிற்கிறீர்கள்! அப்படியானால், அந்தக் குளிர்ந்த காற்று யாருக்கு?

பில் போட்டதும் துணியை ஒரு பையில் போட்டுத் தருவார்கள். அதில் பச்சை இலை படம் இருக்கும். 'பூமியைக் காப்போம்' என்ற வாசகமும் இருக்கும். பை பூமியைக் காக்கச் சொல்கிறது. கதவோ தெருவுக்கே ஏ.சி. போடுகிறது. இரண்டும் ஒரே கடையில்! இது சரியா என்று கொஞ்சம் அலசிப் பார்ப்போமா?

முதலில் பை. தமிழகத்தில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. எனவே பிளாஸ்டிக் பை தராத கடை, சட்டப்படி நடக்கிறது; அவ்வளவுதான். நல்ல விஷயம் என்றாலும், அதையே பெரிய சாதனையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு கடை உண்மையிலேயே பூமி மேல் அக்கறை உள்ளதா என்று அறிய, அங்கே மின்சாரம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்க வேண்டும்.

கதவு வழியே ஓடும் காசு

குளிர்ந்த காற்று கனமானது. அது தரையை ஒட்டித் தங்கும். கதவு திறந்திருந்தால் கீழ்ப்பக்கமாக வெளியே வழிந்துவிடும். அந்த இடத்தை நிரப்ப, வெளியே இருக்கும் சூடான காற்று மேல்பக்கமாக உள்ளே நுழையும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஏ.சி. அறையின் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, ஊதுபத்தியைக் கீழே காட்டச் சொல்லுங்கள். புகை வெளியே போகும். மேலே காட்டினால் உள்ளே வரும்!

இப்படி உள்ளே வரும் சூட்டை மட்டுமல்ல, காற்றில் இருக்கும் ஈரத்தையும் ஏ.சி. நீக்கியாக வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரம் ரொம்ப அதிகம். கதவு திறந்தே இருந்தால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். ஏ.சி. ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்லோரும் போன பிறகும்...

இரவு கடை மூடிய பிறகும் கண்ணாடிக்குள் பொம்மைகள் பளபளவென்று நிற்கும். அதற்கு ஒரு கணக்குப் போடுவோமா? 50 வாட் விளக்குகள் 20 எரிவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 வாட். ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 480 யூனிட்!

தமிழகத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016ல் அறிவிக்கப்பட்டது. அப்படியானால், ஆளில்லாத கடையில் பொம்மைகளுக்குக் காட்டிய வெளிச்சம், அந்தக் கணக்கில் ஏறக்குறைய ஐந்து வீடுகளின் இலவச மின்சாரத்துக்குச் சமம்.

இந்தியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியை எரித்துத்தான் கிடைக்கிறது. சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 700 கிராம் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது. அந்த 480 யூனிட்டுக்கு, 300 கிலோவுக்கும் மேல்!

ஏன் மூட மறுக்கிறார்கள்?

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு காரணம் உண்டு. கதவு மூடியிருந்தால், கடை திறந்திருக்கிறதா இல்லையா என்று ஆட்கள் தயங்குவார்களாம். பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்களோ என்ற பயம். 'அவர் மூடினால் நானும் மூடுகிறேன்' என்று ஒவ்வொருவரும் காத்திருந்தால், யாருமே மூட மாட்டார்கள்!

இந்த முடிச்சை அவிழ்க்கச் சில நாடுகள் ஒரு வழி கண்டன. எல்லோருக்கும் ஒரே விதி. அமெரிக்காவின் நியூயார்க் நகரில், ஏ.சி. ஓடும்போது பெரிய கடைகள் கதவைத் திறந்து வைக்கக் கூடாது என்று 2008ல் சட்டம் வந்தது. 2015ல் அது சிறிய கடைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது.

பிரான்ஸில் 2022ல், உக்ரைன் போரால் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மின்சாரத்தை மிச்சப்படுத்தியே ஆக வேண்டிய நிலை. அந்த ஆண்டு அக்டோபரில், ஏ.சி. அல்லது ஹீட்டர் ஓடும் கடைகள் கதவை மூட வேண்டும் என்று நாடு முழுவதற்கும் ஆணை வந்தது. மீறினால் 750 யூரோ வரை அபராதம்! எல்லாக் கடைகளும் மூடும்போது, யாருக்கும் வியாபாரம் போய்விடுமோ என்ற பயம் இல்லை அல்லவா?

ஆனால் விதி போட்டால் மட்டும் போதாது. கடைக் கண்ணாடி விளக்குகளை நள்ளிரவு ஒரு மணிக்கு அணைக்க வேண்டும் என்று பிரான்ஸில் 2013லேயே விதி உண்டு. பல கடைகள் கண்டுகொள்ளவில்லை. பாரிஸ் இளைஞர்கள் சிலர் சுவரில் தாவி ஏறி, வெளியே இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார்கள்! (குட்டீஸ், நீங்கள் இதைச் செய்யவே கூடாது. விழுந்தால் கை, கால் முறியும்!) விதியை யாராவது கவனித்துக்கொண்டே இருந்தால்தான் அது வேலை செய்யும்.

நம் நாட்டில், மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு, ஏ.சி.யை 24 டிகிரியில் வைக்கச் சொல்கிறது. ஒரு டிகிரி உயர்த்தினாலே ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது அதன் கணக்கு. 18 டிகிரியில் நடுங்கிக்கொண்டு துணி வாங்க வேண்டுமா என்ன?

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை கடைக்குப் போகும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

1. ஏ.சி. ஓடும்போது கதவு மூடியிருக்கிறதா?

2. உள்ளே குளிர் அளவாக இருக்கிறதா, நடுங்க வைக்கிறதா?

3. கடை மூடிய பிறகு விளக்குகள் எரிகின்றனவா?

மூன்றிலும் நல்ல பெயர் வாங்கும் கடைகள் நம் ஊரிலும் இருக்கின்றன. அங்கே, "நன்றி அங்கிள், கதவை மூடி வைத்திருக்கிறீர்களே!" என்று சொல்லிப் பாருங்கள், மகிழ்ந்து போவார்கள். திறந்தே கிடக்கும் கடையில், அப்பா, அம்மாவிடம் சொல்லி, மேலாளரிடம் பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள். வாங்க வருபவர்கள் கேட்டால் கடைக்காரர் நிச்சயம் யோசிப்பார்.

நமக்கும் ஒரு வேலை உண்டு. மூடிய கதவைப் பார்த்துத் தயங்காமல், தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும். போனதும் மறக்காமல் சாத்த வேண்டும். சரிதானே, குட்டீஸ்?