சாம்பல் நிற அணிலுக்கு காடு மட்டும் போதுமா? அடிவாரத் தோப்புகளில்தான் இருக்கு பதில்!

ஸ்ரீவில்லிபுத்தூர்:

மதுரை-கொல்லம் ரோட்டில் கிருஷ்ணன்கோவில் வந்ததும் மேற்கே பார்த்தால் மலை தெரியும். தினமும் பஸ்சில் போறவங்களுக்கு அது வெறும் மலைதான். ஆனால் நம்ம ஊர் தண்ணீருக்கும் விவசாயத்துக்கும் அதுதான் ஆதாரம்.

இங்கு 1988-ம் ஆண்டு சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் அமைக்கப்பட்டது. பரப்பளவு சுமார் 485 சதுர கிலோ மீட்டர். 2021-ம் ஆண்டு தேனி மாவட்டம் மேகமலையுடன் சேர்த்து புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இது தமிழகத்தில் 5-வது, நாட்டில் 51-வது புலிகள் காப்பகம். யானை, சிறுத்தை, காட்டெருமை, வரையாடு என எல்லாம் இங்கு உண்டு.

தரையில் இறங்காத அணில்

அணில்னா வீட்டு ஓட்டு மேல ஓடுமே, அது இல்லை. இது கிட்டத்தட்ட பூனை சைஸ். வாலும் உடம்பு அளவுக்கு நீளம். இந்தியாவில் தெற்கே சில இடங்களிலும், இலங்கையிலும் மட்டுமே இருக்கிறது.

மரத்துக்கு மரம் தாவித்தான் வாழும். கிளைகள் ஒன்றோடு ஒன்று உரசும் இடம் பார்த்து கூடு கட்டும். ஆபத்து வந்தால் பக்கத்து மரத்துக்கு தப்பிக்க அதுதான் வழி. இடையில் நாலு மரத்தை வெட்டினால் போச்சு! தரையில் இறங்கணும். இறங்கினால் நாய் பிடிக்கும்.

இங்கேதான் சிக்கல். செண்பகத்தோப்பு பகுதியில் காட்டு எல்லை முடிந்தாலும் மரங்கள் முடிவதில்லை. மா, புளி, தென்னை என தனியார் தோப்புகள் தொடர்கின்றன. அணிலுக்கு எது பட்டா நிலம், எது வனத்துறை நிலம்னு தெரியுமா? சரணாலய போர்டு வைத்தால் மட்டும் அது பிழைத்து விடாது.

விவசாயி பாடு

அதே தோப்புக்குள்தான் யானையும் வருகிறது. ஒரே ராத்திரியில் தென்னையை சாய்த்து, மா மரக்கிளைகளை ஒடித்துப் போட்டு விடுகிறது. வருஷக்கணக்கா வளர்த்த மரம் போனால் விவசாயி என்ன செய்வார்? தோப்பை விற்றுவிடலாமா என்றுதான் யோசிப்பார். தோப்பு பிளாட் ஆனால் அணிலுக்கும் வீடு போச்சு.

கண்மாய்க்கும் கணக்கு இருக்கு

பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளுக்கு தண்ணீர் வருவது இந்த மலையில் இருந்துதான். அதை நம்பித்தான் வத்திராயிருப்பு பகுதி வயல்களும் கண்மாய்களும் இருக்கின்றன. கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் நாரையும் கொக்கும் வரும். கோடையில் காட்டுத்தீ பிடித்து புல்லும் செடியும் கருகினால், மழைத்தண்ணீர் மண்ணில் இறங்காமல் மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடி விடும். கண்மாயில் சேருவது வண்டல்தான்.

ஆக, காட்டைக் காப்பாற்ற காட்டுக்குள் மட்டும் வேலை பார்த்தால் பத்தாது. யானையால் நஷ்டப்பட்ட விவசாயிக்கு அலையவிடாமல் இழப்பீடு தரணும். கோடைக்கு முன்பே தீத்தடுப்பு கோடுகளை சுத்தம் செய்யணும். தோப்பு வைத்திருப்பவரும் ஒரு காவலர்தான் என்று அதிகாரிகள் நினைத்தால், அணிலும் பிழைக்கும், நம்ம கண்மாயும் பெருகும்!