ஏழு கிலோ போதும்!

பருவத் தேர்வு முடிந்து விடுமுறை பிறந்துவிட்டால், நம் மாணவர்களிடையே ஒரு பேச்சு தவறாமல் எழும். "கேமரன் மலைக்குப் போகலாமா?", "கிழக்குக் கரையை ஒரு சுற்றுச் சுற்றி வரலாமா?" கார் வைத்திருப்போர் நம்மில் சிலரே. மோட்டார் சைக்கிள் வைத்திருப்போரோ பலர். பெரும்பாலும் சிறிய கப்சாய் வண்டிகள்தாம். ஆனாலும் தீபகற்பத்தின் எந்த மூலைக்கும் அவை போகும். பெட்ரோல் செலவு குறைவு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குச் சாலைக் கட்டணம் இல்லை. 2019 ஜனவரி முதல் பினாங்குப் பாலத்திலும் இல்லை. மாணவர் கைக்கு எட்டும் நெடும்பயணம் இதுதான்.

இருப்பினும், புறப்படும் காலையில் அந்த வண்டிகளைப் பார்த்தால் வீடு மாறிப் போகிறார்களோ என்ற ஐயமே நமக்கு வரும்! இருக்கையின் பின்னால் ஒரு பெரிய பை, அதன்மேல் சுருட்டிய பாய், முதுகில் மற்றொரு பை, கைப்பிடியில் தொங்கும் நெகிழிப் பை இரண்டு. இவ்வளவும் நான்கு நாள் பயணத்துக்கு! இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். இத்தனை சாமானையும் ஏற்றிக்கொண்ட அதே நண்பரின் காலில் சிலிப்பர்தான் இருக்கும்.

என் கருத்து இதுதான். பல நாள் மோட்டார் சைக்கிள் பயணத்தில் கூடுதல் சுமை வசதியன்று, ஆபத்து. அதே வேளையில், குறைக்க வேண்டியது பையில் இருப்பதைத்தான், உடம்பின்மேல் இருப்பதையன்று. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்து வருகிறோம்.

முதலில் ஆபத்தைப் பார்ப்போம். ஒரு கப்சாய் வண்டியின் எடையே ஏறக்குறைய நூறு கிலோதான். அதில் இருவர் அமர்ந்தால், ஏறியவர்களின் எடை வண்டியின் எடையை மிஞ்சிவிடும். அதற்கும் மேல் இருபது கிலோ பையைப் பின்சக்கர அச்சுக்கும் அப்பால் கட்டினால் என்ன ஆகும்? பின்பக்கம் அமிழும், முன்சக்கரம் இலேசாகும். வளைவில் கைப்பிடி தள்ளாடும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் தேவைப்படும். இரவில் முன்விளக்கு மேல்நோக்கி உயர்ந்து, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்குவதுபோன்ற நீண்ட இறக்கத்தில், ஏற்றிய ஒவ்வொரு கிலோவையும் பிரேக்தான் தாங்க வேண்டும். முதுகில் மாட்டும் பையும் இதற்கு விடையாகாது. ஆறு மணி நேரம் தோளை அழுத்தும் எட்டுக் கிலோ, ஓட்டுபவரைக் களைப்படையச் செய்யும். களைத்தவரின் கவனம் சிதறும்.

சென்ற ஆண்டு நீண்ட விடுமுறையில் நாங்கள் நால்வர், நான்கு வண்டிகளில் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டோம். ஈப்போ, கிரிக், ஜெலி, கோத்தாபாரு, பின்னர் கடற்கரையோரமாகக் கோலதிரங்கானு, குவாந்தான் என்று ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் சுற்றி ஐந்து நாளில் திரும்பினோம். கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982-இல் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 120 கிலோமீட்டர் மலைக்காட்டு வழி. யானைகள் கடக்கும் சாலை என்பதால் வழியெங்கும் எச்சரிக்கைப் பலகைகள். அந்தச் சாலையின் ஏற்றத்தில், நண்பர் ஒருவரின் பெரிய பை ஒருபக்கமாகச் சரிந்து, கட்டியிருந்த ரப்பர் கயிறு அவிழ்ந்து பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. மெதுவாகப் போனதால் யாருக்கும் காயமில்லை. கயிற்றை அறுத்தெடுக்க ஒரு மணி நேரமானது. திரும்பி வந்ததும் அவரது பையைப் பிரித்துப் பார்த்தோம். ஏழு சட்டைகளில் நான்கு மடித்தபடியே இருந்தன!

அப்படியானால் எவ்வளவு எடுத்துச் செல்வது? ஏழு கிலோ என்பது என் கணக்கு. மலிவுக் கட்டண விமானத்தில் கையில் கொண்டு செல்ல அனுமதிக்கும் எடை அது. நமக்கெல்லாம் பழகிய அளவு. விமானத்தில் அந்த ஏழு கிலோவுக்குள் அடக்கத் தெரிந்த நமக்கு, மோட்டார் சைக்கிளில் மட்டும் ஏன் முடியவில்லை? அங்கே தராசு வைத்து நிறுத்துப் பார்க்க ஆள் இருக்கிறார். இங்கே யாரும் இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

துணிக்கு எளிய வழியொன்று உண்டு. உடுத்தியிருப்பது ஒன்று, துவைத்துக் காய்வது ஒன்று, பையில் ஒன்று. மூன்று சட்டைகளே நான்கு நாளுக்கும் போதும், பத்து நாளுக்கும் போதும். நாள் கூடினால் துவைப்பது கூடுமே தவிர, துணி கூட வேண்டியதில்லை. காற்பந்து ஜெர்சி போன்ற மெல்லிய துணி ஓர் இரவில் காய்ந்துவிடும். ஜீன்ஸ் காயாது, நனைந்தால் அதுவே ஒரு சுமை. தடித்த துவாலைக்குப் பதில் ஒரு கைலி போதும். குளித்தபின் துவட்டலாம், உடை மாற்றும்போது மறைப்பாகும், இரவில் போர்வை, சுருட்டி வைத்தால் தலையணை. நம் தாத்தாக்கள் தோட்டத்தில் இதைத்தானே செய்தார்கள்? குடிநீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதையும் மறவாதீர்கள். காட்டு வழியைத் தவிர மற்ற இடங்களில் அரை லிட்டர் புட்டி போதும். நம் நாட்டில் எந்தச் சிற்றூரிலும் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. பற்பசை தீர்ந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

கூட்டாகப் போவோருக்கு இன்னொரு வழியும் உண்டு. எங்கள் நான்கு வண்டிகளும் 17 அங்குலச் சக்கரம் கொண்டவை. எனவே ஆளுக்கொரு டியூப், ஆளுக்கொரு காற்றடிக்கும் பம்பு தேவைப்படவில்லை. ஒருவர் பம்பு, ஒருவர் டியூப்பும் ஸ்பேனரும், ஒருவர் மருந்துப் பெட்டி, ஒருவர் சார்ஜர் என்று பிரித்துக்கொண்டோம். பகிர்ந்துகொண்டால் சுமை குறைகிறது. கனமான கருவிகளைப் பின்னால் கட்டாமல், இருக்கைக்கு முன்னால் கால்களுக்கு இடையிலான கூடையில் தாழ்வாக வைத்தால் வண்டியும் நிலையாக ஓடும்.

இனி, குறைக்கக் கூடாதவை. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்து செல்வோருமே. அவர்களில் நம் வயதுடையோரும் நிறைய இருக்கிறார்கள். ஆகவே தரமான தலைக்கவசம், மூடிய காலணி, கையுறை, முழுக்கை ஜாக்கெட் ஆகியவற்றை ஏழு கிலோ கணக்கில் சேர்க்காதீர்கள். ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, ஜிப்பும் போடாமல் ஓட்டும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது வெயிலைத் தடுக்கலாம். விழுந்தால் முதுகைக் காக்காது. சட்டையும் காற்சட்டையுமாக இரண்டு பகுதிகளாக உள்ள மழையாடை கட்டாயம். நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையில் பருவமழை பெய்யும் என்பதால், அந்த மாதங்களில் பயணத்தைத் திட்டமிடும்போதே இருமுறை யோசியுங்கள். உரிமம், அடையாள அட்டை, வழக்கமாக உட்கொள்ளும் மருந்து ஆகியவை நீர் புகாத உறையில் இருக்கட்டும்.

"இலேசாகப் பயணம் செய்வது பணக்காரர்களுக்குத்தான் சரிப்படும். அவர்கள் வழியில் எதையும் வாங்கிக்கொள்வார்கள். நமக்கு அப்படியா?" என்று ஒரு தோழி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. எடை குறைந்த கூடாரம், எடை குறைந்த படுக்கை என்று கடையில் விலை கேட்டால் மயக்கம் வரும்! ஆனால் நான் சொல்வது இலேசான பொருளை வாங்குவதைப் பற்றியன்று. இருக்கும் பொருளை வீட்டில் விட்டுச் செல்வதைப் பற்றி. விட்டுச் செல்வதற்கு ஒரு சென்னும் செலவில்லை. வாங்கத்தான் வேண்டுமென்றால், அந்தப் பணத்தில் முதலில் நல்ல டயரையும் நல்ல காலணியையும் வாங்குவோம்.

1952-இல் செ குவேராவும் அவர் நண்பர் ஆல்பெர்டோ கிரானாடோவும் பழைய நார்ட்டன் வண்டியொன்றில் தென் அமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்ட கதை நமக்குத் தெரிந்ததே. சாமான் மலைபோல் ஏற்றிய அந்த வண்டி பல முறை சறுக்கி விழுந்தது. சிலியில் முற்றாகப் பழுதாகிவிட, அதைக் கைவிட்டார்கள். அதன்பின் நடந்தும், கிடைத்த வாகனங்களில் ஏறியும்தான் பயணத்தைத் தொடர்ந்தார்கள். சுரங்கத் தொழிலாளர்களையும் தொழுநோயாளிகளையும் அவர்கள் நெருங்கிப் பழகியது, அந்த வண்டியும் சுமையும் இல்லாதபோதுதான்.

கடைசியாக, சொல்லத் தயங்கும் ஒன்று. நம் பைகளை நிரப்புபவர் பல நேரங்களில் நாமல்லர், நம் அம்மாக்கள். நான்கு அடுக்குத் தூக்குச்சட்டி, முறுக்கு டின், "குளிரும்பா" என்று திணிக்கும் கம்பளி. அதை மறுப்பது அன்பை மறுப்பதுபோல் தோன்றும். மறுக்க வேண்டாம். புளிச்சோற்றை இலையில் கட்டித் தரச் சொல்லுங்கள். முதல் நாள் மதியமே அனைவரும் உண்டு முடித்துவிடலாம். கம்பளியைப் பற்றி மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். ஜாக்கெட்டையும் காலணியையும் அவரிடம் காட்டுங்கள். பிள்ளை பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்பதுதானே அவர் கவலை? அதற்குக் கனமான பை உதவாது என்று புரிந்துகொண்டால், அவரே இரண்டு பொருள்களை வெளியே எடுத்து வைப்பார்.

அடுத்த விடுமுறைக்கு வண்டியைத் தயார் செய்யும் நண்பர்களே, முந்தைய நாள் இரவு பையைக் கட்டி முடித்ததும் அதைத் தராசில் வையுங்கள். முள் ஏழைத் தாண்டினால், பையைப் பிரியுங்கள். காலணி மட்டும் காலிலேயே இருக்கட்டும்.