அறுபது பிரதிகள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை என் பழைய மாணவன் ஒருவன் வந்திருந்தான். மூளை நரம்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன். முகம் வாடியிருந்தது. காரணம் விசாரித்தேன்.

"மூன்று வருஷம் பாடுபட்டு எழுதிய கட்டுரை, ஸார். இதுவரையில் நாலே நாலு மேற்கோள்தான். அதிலும் ஒன்று நானே எழுதியது" என்றான்.

வந்த சிரிப்பை அடக்கிக் கொண்டேன்.

நேயர்களில் சிலருக்கு இந்த மேற்கோள் கணக்குப் புதிதாயிருக்கலாம். ஒரு விஞ்ஞானியின் கட்டுரையைப் பின்னால் வரும் எத்தனை கட்டுரைகள் ஆதாரமாகக் குறிப்பிடுகின்றன என்று எண்ணுவதே அது. அமெரிக்கரான யூஜீன் கார்பீல்டு 1964-ஆம் வருஷத்தில் இதற்கென்றே ஒரு பெரிய அட்டவணையை வெளியிட்டார். ஒரு கருத்து எங்கே பிறந்து எங்கெல்லாம் சென்றது என்று தேடுவோருக்கு அது கைகாட்டி மரம். நாளடைவில் கைகாட்டி மரமே தராசாகிவிட்டது. 2005-இல் ஹிர்ஷ் என்ற பௌதிக சாஸ்திரி இன்னும் ஒரு படி மேலே போனார். பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்துத் தடவையாவது மேற்கோளாகியிருந்தால் ஆசிரியரின் எண் பத்து. பதினொன்றுக்குப் பதினொன்று கிடைத்தால் எண் பதினொன்று. உத்தியோகம் கொடுப்பவர்களும் இந்த எண்ணைப் பார்ப்பதுண்டு. பரீட்சை மார்க்கைக் கொண்டு பையன்களை எடை போட்டே பழகிய நான் இதைக் குறை சொல்வது அவ்வளவு பொருத்தமில்லை.

அவனுக்கு ஸந்தியாகோ ராமோன் இ காஹாலின் கதையைச் சொன்னேன்.

ஸ்பெயின் தேசத்தில் 1852-இல் பிறந்தவர் காஹால். சிறு வயதில் சித்திரப் பைத்தியம். வைத்தியரான தகப்பனார் கோபித்துக்கொண்டு பையனை நாவிதரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் வேலைக்கு விட்டார். பிற்பாடு பையனும் வைத்தியனானான். சித்திரம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. 1887-இல் மாட்ரிட் நகரில் ஸிமார்ரோ என்ற வைத்தியர் அவருக்கு ஓர் அதிசயத்தைக் காட்டினார். இத்தாலியரான கோல்ஜி 1873-இல் வெளியிட்ட முறைப்படி வெள்ளி உப்பினால் கறுப்பேற்றிய மூளைத் துண்டு அது. அந்த முறையில் எல்லா அணுக்களும் கறுப்பதில்லை. கூட்டத்தில் ஏதோ சில மட்டுமே, கிளை நுனிவரை, மஞ்சள் காகிதத்தில் மையால் வரைந்தாற்போல் எழுந்து நிற்கும்.

நரம்புகள் யாவும் ஒன்றோடொன்று இணைந்த ஒரே வலை என்பது கோல்ஜியின் கொள்கை. காஹால் முதிர்ந்த மூளையை விட்டுவிட்டு, பறவைக் குஞ்சுகளையும் கருக்களையும் எடுத்துக்கொண்டார். அடர்ந்த காட்டை விட்டு நாற்றங்காலில் போய்ப் பார்ப்பது போன்ற யுக்தி! ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி. நெருங்கித் தொடுகிறதேயன்றிக் கலந்துவிடவில்லை என்று கண்டார்.

1888-ஆம் வருஷம் மே மாதம், பார்ஸிலோனாவில், தம் முப்பத்தாறாம் வயதில், சொந்தப் பணத்தில் ஒரு சஞ்சிகை தொடங்கி அதை வெளியிட்டார். அச்சிட்டவை அறுபதே பிரதிகள். பெரும்பாலானவற்றை அயல் நாட்டு அறிஞர்களுக்குத் தபாலில் அனுப்பினார். பதில் பேச்சில்லை. விஞ்ஞானம் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் நடந்துகொண்டிருந்த காலம். ஸ்பானிஷில் வந்ததை யார் படிப்பது? அன்றைக்கு மேற்கோள் கணக்கு எடுத்திருந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கும்.

அடுத்த வருஷம் மைக்ராஸ்கோப்பையும் கண்ணாடிச் சில்லுகளையும் கட்டி எடுத்துக்கொண்டு பெர்லினில் கூடிய ஜெர்மன் உடற்கூற்றுச் சங்கத்துக்குச் சென்றார். தட்டுத் தடுமாறிய பிரெஞ்சில் ஒவ்வொருவரையும் அழைத்து, பாருங்கள் என்றார். மூத்த நிபுணரான கோலிக்கர் பார்த்தார். ஊர் திரும்பித் தாமும் சோதித்தார். தமது பழைய கொள்கையைக் கைவிட்டார். எழுபதைத் தாண்டிய அந்தப் பெரியவர், காஹாலைப் படிப்பதற்காக ஸ்பானிஷ் பாஷை கற்றார்!

1891-இல் வால்டையர் என்ற ஜெர்மானியர், காஹால் முதலானோர் கண்டவற்றைத் தொகுத்து எழுதி, அந்த அணுவுக்கு 'நியூரான்' என்று பெயரிட்டார். தாம் புதிதாக எதையும் ஆராயாமலே நியூரான் கொள்கையோடு தம் பெயரைச் சேர்த்துக்கொண்டார். மேற்கோள் உலகில் இது இன்றும் நடக்கிற காரியம் என்று மாணவன் பெருமூச்சு விட்டான். 1906-இல் நோபல் பரிசு காஹாலுக்கும் கோல்ஜிக்கும் சேர்ந்தே கிடைத்தது. பரிசு மேடையிலேயே கோல்ஜி காஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். அணுவுக்கும் அணுவுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை 1950-க்குப் பிறகு எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பு காட்டியது. அதைப் பார்க்க இருவரும் இல்லை. காஹால் 1934-இலேயே காலமாகிவிட்டார்.

அவருடைய பெரிய நூல் ஸ்பானிஷில் வெளிவந்து முடிந்தது 1904-இல். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1909 முதல் 1911 வரை வந்தது. இங்கிலீஷில் முழுவதும் வந்தது 1995-இல்தான். இப்போது எழுதுகிறவர்கள் ஒருவர் பிரெஞ்சுப் பதிப்பையும் மற்றொருவர் இங்கிலீஷ் பதிப்பையும் குறிப்பிடுவதால், இன்றைக்கும் அவர் கணக்கு ஒரே இடத்தில் சேர்வதில்லை.

நாலு மேற்கோள் பெற்றதெல்லாம் காஹாலின் கட்டுரை ஆகிவிடாது என்பதையும் அவனிடம் சொல்லிவைத்தேன். உபாத்தியாயர் புத்தி!

அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "பெர்லினுக்கு அவர் கண்ணாடிச் சில்லுகளையே கொண்டுபோனாரா, ஸார்?" என்று மறுபடி கேட்டான். அடுத்த மாதம் பெங்களூரில் ஒரு கூட்டமாம். போவதா வேண்டாமா என்று இருந்தானாம். காபியைக் குடித்துவிட்டு, ரயிலுக்கு டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தான்.